கருநீரில் உப்பு அளக்கப் போகிறவர்களுக்கு

பிரேசிலின் மனாவுஸ் அருகே கருநிற ரியோ நெக்ரோவும் சேற்று நிற சொலிமோயிஸும் கலக்காமலேயே சில கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. சொலிமோயிஸுக்கு ஆண்டிஸ் மலைப் பாறைகள் கரைந்து உப்பு வருகிறது. நெக்ரோ பாயும் மண்ணில் கரைவதற்கு அதிகம் மிச்சமில்லை. அதன் நீர் உப்பில் மழைநீரை ஒட்டியே நிற்கும். அங்கே மாதிரி எடுப்பவரின் விரல் வியர்வையே முடிவைப் புரட்டிவிடும்.

செய்ய வேண்டியவை

• பிளாஸ்டிக் புட்டியே எடுங்கள். கண்ணாடியிலிருந்து சோடியம் கசியும். கையுறை போட்டு, எடுக்கப்போகும் நீராலேயே மூன்று முறை அலசுங்கள்.

• காட்டுக்கு எவ்வளவு உப்பு வருகிறது என்று அறிய, மழைநீரை வெட்டவெளியிலும் மரங்களின் கீழும் தனித்தனியே பிடியுங்கள். வெளியில் விழுவதில் கடலிலிருந்து வந்த சோடியமும் குளோரைடும் இருக்கும். இலைவழி சொட்டுவதில் பொட்டாசியம் பல மடங்கு ஏறியிருக்கும். அதில் பெரும்பங்கு வேர் உறிஞ்சி இலைக்கு அனுப்பி, மழை கழுவி இறக்கிய பழைய சரக்கு. அதைப் புது வரவில் எழுதினால் ஒரே உப்பை இருமுறை எண்ணுவீர்கள். இலையில் படிந்த தூசி மட்டும் மெய்யான வரவு: சகாரா தூசியோடு ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் அமேசான் படுகையில் இறங்குவதாக 2015இல் கணக்கிட்டார்கள்.

• மரத்தடியில் ஒரு புனல் போதாது. சொட்டு இடத்துக்கு இடம் மாறும், நிறைய வையுங்கள்.

• மண்மேல் பாய்போலப் பின்னிக் கிடக்கும் வேர்களுக்கு, அதாவது வேர்ப்பாய்க்கு, மேலும் கீழும் நீர் எடுங்கள். வெனிசுவேலாவின் சான் கார்லோஸில் கதிரியக்கக் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் வேர்ப்பாய்மேல் தெளித்துப் பார்த்தார்கள். கீழே கசிந்தது 0.1 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 1978இல் எழுதினார்கள். காட்டின் கஞ்சத்தனம் அங்கேதான் பிடிபடும்.

செய்யக்கூடாதவை

• மின்கடத்துத்திறன் மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே உப்பு என்று எழுதாதீர்கள். கருநீர் அமில நீர். பி.எச். 4 என்றால் ஹைட்ரஜன் அயனி மட்டுமே சென்டிமீட்டருக்குச் சுமார் 35 மைக்ரோசீமன்ஸ் காட்டும். டி.டி.எஸ். மீட்டரும் இதே எண்ணைப் பெருக்கித்தான் தருகிறது. இங்கே அது வெறும் விளையாட்டுச் சாமான்.

• நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்பு, மக்கிய இலைதழைகளின் சாயம்.

• கால்சியம், பொட்டாசியம் பார்க்கும் புட்டியில் நைட்ரிக் அமிலம் விடலாம். நைட்ரேட் பார்க்கும் புட்டியில் விடவே கூடாது.

• வியர்வை நக்கும் சிறு தேனீக்கள் உங்களை மொய்க்கும்போது புட்டியைத் திறக்காதீர்கள். முகத்தைத் துடைத்து, கையுறையை மாற்றிவிட்டுத் திறவுங்கள்.