கறுப்பு விரிப்பில் வெள்ளைப் பஞ்சா?

அழுக்கு தெரியாது என்றுதான் கறுப்பு, கருநீல விரிப்புகளை வாங்குகிறோம். ஆனால் நாலு தடவை துவைத்ததும் வெள்ளைப் பஞ்சு ஒட்டி, பழசு மாதிரி ஆயிடுது. தையல் குழுவினருக்கோ இது வருமானப் பிரச்சினை. உறையில் பஞ்சைப் பார்த்தாலே வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

பஞ்சு எங்கிருந்து வருது? பருத்தித் துணி உரசும்போது சிறு இழைகள் உதிர்கின்றன. தேங்காய்ப்பூ துண்டில் அதிகம் உதிரும். பாலியஸ்டர் கலந்த துணி அதை இழுத்துக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

1. துவைக்கும் முன் விரிப்பை வெளியே நன்றாக உதறுங்க. தலையணை உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்க.

2. துண்டுகளோடு சேர்த்து ஊற வைக்காதீங்க.

3. கல்லில் அடித்தால் இழை கிளம்பும், கையால் கசக்குங்க.

4. சோப்புத்தூளை அளவாகப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்க. சோப்பு தங்கினாலும் வெள்ளைத் திட்டு தெரியும்.

5. உதறி, நிழலில் காயப்போடுங்க, சாயம் வெளுக்காது.

6. மிச்சப் பஞ்சை ஈரத்துணியால் ஒரே பக்கமாகத் துடைத்தால் உருண்டு வந்துவிடும்.

7. இலவம்பஞ்சுத் தலையணையில் தையல் பிரிந்திருந்தால் உடனே தைத்துவிடுங்க.

தையல் சகோதரிகள் வெள்ளைத் துணி வெட்டிய மேசையைத் துடைத்த பிறகே கறுப்புத் துணியை விரிக்கணும். மடிக்கும் முன் வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்கணும். அந்த ஐந்து நிமிடம்தான் நம் உழைப்புக்கு உரிய விலையைக் காப்பாற்றும்.