எண்ணெய்த் தாச்சியும் கிடுகுக் கூரையும்

முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவது எமது விவசாயக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்த காலங்களில் மரநிழலிலும் தறப்பாள் கொட்டிலின் வாசலிலும் சமைத்தோம். மீளக் குடியேறிய பின்னரும், வீடு கட்டி முடியும்வரை பலருக்குச் சமையல் வெளியிலேதான் நடந்தது. 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது, நல்ல குசினி வைத்திருந்தவர்களும் விறகு தேடி முற்றத்துக்கு வந்தார்கள்.

சோறு கறி ஆக்கும்போது இருக்கும் ஆபத்தைவிட, வடை, முறுக்கு, மீன்பொரியல் என்று எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறும்போது ஆபத்து அதிகம். பலகாரம் சுட்டு விற்று வாழும் குடும்பங்களில் அத்தாச்சி நாள்தோறும் ஏறுகிறது. கொட்டிலில் தீப்பிடித்தால் விதைநெல், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி யாவும் அதனோடு போய்விடும். ஆகவே இப்பாடத்தில் எண்ணெய்த் தீயைப் பற்றிச் சிந்திப்போம்.

எண்ணெய் ஏன் தீப்பற்றுகிறது?

தீ எரிய எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். அதற்குமேல் அதன் சூடு ஏறாது. எண்ணெயோ ஏறிக்கொண்டே போகும். பொரிப்பதற்கு 170 தொடக்கம் 180 பாகை வரை போதுமானது. அதற்குமேல் எண்ணெய் நன்கு புகையத் தொடங்கும். 300 பாகையை அண்மிக்கும்போது மேலெழும் ஆவி அடுப்புச் சுவாலையில் பற்றிக்கொள்ளும். இன்னும் சூடேறினால் சுவாலை படாமலே தானாகப் பற்றும். பல தடவை பொரித்த பழைய எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகைந்துவிடும்.

புகை எண்ணெய் தரும் எச்சரிக்கையாகும். வெளி அடுப்பில் காற்று அப்புகையைக் கலைத்துவிடுவதால் அது எமது கண்ணில் படுவதில்லை. அதே காற்று சுவாலையைத் தாச்சியின் விளிம்புவரை ஏற்றிவிடவும் செய்கிறது.

தண்ணீர் ஏன் கூடாது?

தண்ணீர் எண்ணெயிலும் பாரமானது. எரியும் எண்ணெயில் ஊற்றியவுடன் கீழே அமிழ்ந்து நீராவியாக மாறும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லீற்றர் நீராவியாக விரியும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் மேலே வீசப்படும். ஊற்றியவரின் முகமும் மேலுள்ள கிடுகும் ஒரே நொடியில் பற்றும்.

பொரிக்க முன்

1. அடுப்பைக் கொட்டிலிலிருந்தும் வேலியிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி வைப்போம். சோளகம் வீசும் மாதங்களில் கொட்டிலுக்கு வடகிழக்கேயும், வாடை வீசும் மாதங்களில் தென்மேற்கேயும் வைத்தால் தீப்பொறி வீட்டுப்பக்கம் போகாது.

2. கற்களை மண்ணில் புதைத்துக் களிமண் பூசி, தாச்சி ஆடாதபடி செய்வோம். காற்று வரும் பக்கம் சிறு மண்சுவர் எழுப்புவோம்.

3. காய்ந்த ஓலை, பன்னாடை ஆகியவை திடீரெனச் சுவாலை விடும். பொரிக்கும்போது வைரமான விறகையோ சிரட்டைக் கரியையோ பயன்படுத்துவோம்.

4. தாச்சியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் விடாதிருப்போம். மீனையும் கிழங்கையும் ஈரம் துடைத்தபின் போடுவோம்.

5. தாச்சியை முழுதாக மூடக்கூடிய தகர மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பின்னரே எண்ணெயை ஏற்றுவோம். மூடி இல்லையேல் தட்டையான தகரத் துண்டொன்றே போதும்.

தீப்பற்றினால்

தாச்சியைத் தூக்கவோ நகர்த்தவோ கூடாது. மூடியைக் கேடயம்போல் முன்னே பிடித்து, எமது பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளி மூடவேண்டும். பின்பு விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். எண்ணெய் நன்கு ஆறும்வரை மூடியைத் திறக்கலாகாது. காற்றுப் பட்டால் மீண்டும் பற்றும். மாவை வீசக்கூடாது, மாவும் எரியும். நிலத்தில் சிந்தி எரியும் எண்ணெய்க்கு மட்டும் உலர்ந்த மணலைப் போடலாம். மூட முடியாதபடி தீ பெருத்தால், பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். பொருளைப் பின்னர் தேடிக்கொள்ளலாம்.

சுட்டுவிட்டால்

காப்பு, மோதிரத்தைக் கழற்றி, சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த கிணற்றுநீரை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பற்பசை, எண்ணெய், முட்டை எதையும் பூசக்கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடவேண்டும். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டிருந்தாலோ, காயம் உள்ளங்கையிலும் பெரிதென்றாலோ, சுட்டது குழந்தை என்றாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

யாருடைய பொறுப்பு?

அடுப்படியில் தீப்பிடித்தால் 'அவள் கவனிக்கவில்லை' என்று சொல்லிவிடுவது எமது வழக்கம். இடுப்பில் குழந்தை, வேலிப்பக்கம் ஆடு, அடுப்பில் தாச்சி என்று மூன்றையும் ஒரே வேளையில் பார்க்கும் தாய்க்கு எத்தனை கண்கள் உண்டு?

எமது நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, போத்தல் விளக்குச் சரிந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். அவர் மக்களைக் குறைகூறிக் கொண்டிருக்கவில்லை, விளக்கையே மாற்றினார். கட்டையான, பாரமான, திருகுமூடியுள்ள, சரிந்தாலும் உருளாத விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அடுப்புக்கும் இதுவே பொருந்தும். மண்சுவர் எழுப்புவதும், கல்லைப் புதைப்பதும், தகரம் வெட்டி மூடி செய்வதும் ஆண்களும் செய்யக்கூடிய வேலைகளே. அரைநாள் உழைப்பு ஒரு குடும்பத்தைக் காக்கும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது அடுப்புக்கும் கூரைக்கும் இடையே எத்தனை அடி? அளந்து பார்ப்போம்.

2. தாச்சிக்குப் பொருந்தும் மூடி எத்தனை வீடுகளில் உண்டு? இல்லாத வீடுகளுக்கு மாதர் சங்கம் என்ன செய்யலாம்?

3. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதை எமது பிள்ளைகள் அறிவார்களா? இன்றிரவே கேட்டுப் பார்ப்போம்.