சாரல் வரும்வரை ஐஸ் டீ

குற்றாலத்தில் ஆனி, ஆடிச் சாரலில் நனைந்து வருகிறவருக்குச் சூடாக ஒரு டீ போதும். பங்குனி தொடங்கி வைகாசி வரை அப்படி இல்லை. பேரருவியில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். தென்காசி வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த மாதங்களுக்கு ஏற்ற பானம், பால் சேர்க்காத, இனிப்பான ஐஸ் டீ. பாட்டிலில் அடைத்து விற்பவற்றில் பெரும்பாலும் சீனியும் எசன்ஸும்தான் முன்னால் நிற்கின்றன. வீட்டில் போட்டால் தேயிலையின் மணம் தெரியும்.

முதலில் தேயிலை. நாம் அன்றாடம் பால் டீக்கு வாங்கும் டஸ்ட் டீத்தூள், பாலின் கொழுப்புக்கு ஈடுகொடுக்கும்படி செய்யப்பட்டது. பால் இல்லாமல் குளிரவைத்தால் அதன் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். ஐஸ் டீக்கு முழு இலைத் தேயிலை நல்லது. அம்பாசமுத்திரத்துக்கு மேலே, சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் குத்தகைக்கு விட்ட காட்டில் உருவான மாஞ்சோலைத் தோட்டம் நம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. 2024-இல் அங்கே வேலை நின்று, தலைமுறைகளாக இருந்த தொழிலாளர்கள் இறங்கிவர வேண்டியதானது இந்தப் பக்கத்து மக்களுக்கு இன்னும் ஆறாத வருத்தம். இப்போது நமக்குக் கைகொடுப்பது நீலகிரித் தேயிலை. குளிர்ந்தாலும் அவ்வளவாகக் கலங்காது என்று உலகச் சந்தையிலேயே ஐஸ் டீக்குப் பெயர்பெற்றது அது.

ஒரு லிட்டருக்கான அளவு: இலைத் தேயிலை 10 கிராம், அதாவது நான்கு டீஸ்பூன், சீனி 80 கிராம், எலுமிச்சை இரண்டு. டஸ்ட் டீதான் இருக்கிறது என்றால் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். உப்பேறிய போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஏடு படரும், நிறமும் மங்கும். குடிக்க எடுத்துவைக்கும் நல்ல தண்ணீரையே எடுங்கள். அரை லிட்டரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் தேயிலை போட வேண்டும். பாத்திரத்தை மூடி, இலைக்கு நான்கு நிமிடம், டஸ்டுக்கு இரண்டு நிமிடம் விடுங்கள். டீக்கடை வழக்கத்தில் தேயிலையோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். பால் இருந்தால் அதை மூடி மறைக்கும், இதில் மறைக்க எதுவும் இல்லை. வடிகட்டும்போது சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியவும் கூடாது. இன்னும் திடமாக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

வடித்த சூட்டிலேயே சீனியைக் கரைத்துவிட வேண்டும். குளிர்ந்த டீயில் போட்ட சீனி தம்ளருக்கு அடியில் போய்த் தங்கும். கடைசி வாய் மட்டும் பாகு மாதிரி இருக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த இனிப்புக் குளிர் டீதான் அன்றாடப் பானம். அங்கே இரண்டு லிட்டருக்கு ஒரு கப் சீனி வரை போடுகிறார்கள், அதுவும் சூட்டிலேயே. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் இந்தியத் தேயிலைக்கு ஆள் பிடிக்க நின்றார். வெக்கையில் சூடான டீயை யாரும் தொடாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். அந்தப் பானம் அங்கே அதற்கு முன்பே இருந்தது. 1879-இல் வெளிவந்த வர்ஜீனியா சமையல் புத்தகம் ஒன்றில் செய்முறை இருக்கிறது. ஆனாலும் அது ஊர் ஊராகப் பரவியதில் நம் தேயிலைக்கும் பங்கு உண்டு.

சீனி கரைந்ததும் இன்னொரு அரை லிட்டர், ஆறிய குடிநீரைச் சேர்த்து, சூடு முழுவதும் போனபின் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடாகவே உள்ளே தள்ளினால் டீ பால் கலந்ததுபோல் கலங்கிவிடும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் கஃபீனும் சூட்டில் கரைந்து கிடப்பவை. குளிரில் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய துகளாகப் பிரிவதால் வரும் கலங்கல் இது. கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக் கலக்கினால் தெளிந்துவிடும்.

எலுமிச்சைக்குப் புளியங்குடிக்கு மிஞ்சிய ஊர் நமக்கு இல்லை. மஞ்சள் ஏறிய, தோல் மெல்லிய, கையில் எடுத்தால் கனக்கிற பழமாகப் பொறுக்குங்கள். உள்ளங்கையால் பலகையில் உருட்டிவிட்டுக் குறுக்கே வெட்டி, டீ நன்றாகக் குளிர்ந்தபின் பிழியுங்கள். சாறு விழுந்த இடத்திலிருந்து செம்பழுப்பு வெளுத்து, கண் முன்னாலேயே தேன் நிறமாகும். புளிப்பில் தேயிலையின் நிறம் இளகுவதுதான் காரணம். தோலையும் சேர்த்து நசுக்கினால் கசக்கும். கோடையில் எலுமிச்சை விலை ஏறிவிடும் என்பதால், மலிவாகக் கிடைக்கும்போதே சாறு பிழிந்து ஐஸ் ட்ரேயில் உறையவைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

ஐஸை வீட்டில் போடுவதே நல்லது. மீன் பெட்டியில் போடும் பாளத்தை உடைத்துப் போட்டால் வயிறு கெடும். கொதித்து ஆறிய தண்ணீரை ட்ரேயில் ஊற்றுங்கள். அந்த டீயிலேயே கொஞ்சத்தை உறையவைத்துப் போட்டால், ஐஸ் உருக உருக ருசி நீர்த்துப்போகாது.

சீனி வேண்டாம் என்பவர்களுக்குப் பனங்கற்கண்டு பொருந்தும், தெளிவாகவும் இருக்கும். கருப்பட்டி போட ஆசைப்பட்டால் தனியே கரைத்து, துணியில் வடித்து, எலுமிச்சையைத் தவிர்த்து ஒரு துண்டு சுக்கு தட்டிப் போடுங்கள். கருப்பட்டி வாசத்தோடு எலுமிச்சை சேர்வது எனக்குப் பிடிப்பதில்லை. நன்னாரி சர்பத் இரண்டு ஸ்பூன் விட்டால் சீனியைக் குறைத்துக்கொள்ளலாம்.

சீசன் தொடங்கும் நேரத்தில் குற்றாலத்துப் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வந்துவிடும். ரம்புத்தானைக் கொட்டை நீக்கிச் சிறு துண்டுகளாகத் தம்ளரில் போடலாம். மங்குஸ்தானை மசிக்க வேண்டாம்; வெள்ளைச் சுளைகளை அப்படியே டீயில் அரை மணி நேரம் ஊறவிட்டால் போதும். தோலின் கறை துணியில் பட்டால் போகாது, பார்த்து உரியுங்கள்.

போட்ட டீயை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். தேயிலையையும் பச்சைத் தண்ணீரையும் ஜாடியில் போட்டு வெயிலில் வைக்கும் முறை இந்த ஊர் வெக்கைக்கு வேண்டாம். அந்த வெதுவெதுப்பில் கிருமி பெருகும். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிவந்து சாப்பிட்ட இரவில், கையோடு இதையும் குடிக்கத் தோன்றும். ஒரு மணி நேரம் பொறுங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும்; ரத்தசோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும்.