கடற்புல்லை எண்ணிய ஒரு நாள்

பெற்றோர்களே, கடலோரத்தில் பிறந்த நாம், கரையில் ஒதுங்கும் பச்சையெல்லாம் பாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம் டிரஸ்டின் உதவித்தொகையில் கடல் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி, மண்டபத்தின் வடகரையில் ஒருநாள் களப்பயிற்சி முடித்து வந்து எனக்கே பாடம் நடத்தினாள்.

பாசிக்கு வேர் கிடையாது. கடற்புல்லுக்கு வேரும் தண்டும் உண்டு. தண்ணீருக்குள்ளேயே பூக்கவும் செய்யும். (ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்கு இது தெரிந்தது!)

நீர் வற்றிய நேரத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி 50 மீட்டர் கயிறு கட்டுகிறார்கள். 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே புல் எத்தனை பங்கு, வெறும் மணல் எத்தனை பங்கு என்று குறிக்கிறார்கள். அதே இடத்தில் அடுத்த பருவத்திலும் குறித்தால்தான் புல் வளர்கிறதா, அழிகிறதா என்று தெரியும். முழங்கால் தண்ணீரில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனதாம்.

இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒளிந்து வளர்வது இந்தப் புல்லில்தான். ஆவுளியா என்னும் கடல் பசுவுக்கு இதுவே தீனி. நாளொன்றுக்கு 30 கிலோ அளவுக்கு மேயும். அதைக் காக்கவே 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இழுவைமடி அடியைச் சுரண்டினால் புல் வேரோடு வந்துவிடும்.

அவள் வாப்பா இழுவைமடிப் படகில் போகிறவர். மகள் குறித்த கணக்கைப் பார்த்துவிட்டு அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள், "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்கெங்க புல் கிடந்துச்சுன்னு சொல்றேன், அதையும் எழுதிக்கம்மா" என்றாராம்.

பிளஸ் 2-வில் உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உண்டு. விவரம் வேண்டுவோர் அஸருக்குப் பின் அலுவலகம் வரலாம்.