கூண்டுக்குள் கொட்டும் தீவனம்

அன்புள்ள தேன்மொழி,

“மீனுக்கு வீடே தண்ணீர்தானே மாமா, ஏரியில் மீன் வளர்த்தால் ஏரிக்கு என்ன கெடுதல்?” என்று கேட்டிருந்தாய். பிலிப்பைன்ஸில் உள்ள தால் ஏரியை வைத்துப் பதில் சொல்கிறேன்.

தால், எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஏரி. ஒரு காலத்தில் கடலோடு சேர்ந்திருந்தது. 1754இல் எரிமலை வெடித்தபோது கடலுக்குப் போகும் வழி பெரிதும் அடைபட்டு, தண்ணீர் மெல்ல மெல்ல உப்பை இழந்தது. அங்கே தவிலிஸ் என்றொரு சிறு மீன் உண்டு. நம் மத்தியின் பேரினம்தான். அந்தப் பேரினத்தில் நன்னீரில் வாழ்வது இது ஒன்றே. வேறெந்த ஏரியிலும் இல்லை.

இந்த ஏரியில்தான் ஆயிரக்கணக்கில் வலைக் கூண்டுகளை இறக்கினார்கள். வளர்ப்பது பெரும்பாலும் திலேப்பியா, நம் ஊர் ஜிலேபிக்கு நெருங்கிய உறவு. எளிய மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் மீன் கிடைத்தது, பலருக்குப் பிழைப்பும் கிடைத்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் கூண்டு மீன் ஏரியில் மேய்ந்து வளர்வதில்லை. மூட்டை மூட்டையாகத் தீவனம் வெளியிலிருந்து வருகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ், நைட்ரஜனில் சிறு பங்குதான் மீனின் சதையாகிக் கரையேறும். மீதி கழிவாகவும் தின்னாத மிச்சமாகவும் ஏரியிலேயே தங்கிவிடும். வயலுக்கு உரம் போட்ட மாதிரிதான். உரம் கண்ட நீரில் பாசி பெருகும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும், இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிப்பது இதனால்தான்.

அடியில் நடப்பது இன்னும் மோசம். செத்த பாசியும் கழிவும் சேறாகப் படிந்து அழுகும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். கோடையில் மேல்நீர் சூடேறி லேசாகும், குளிர்ந்த அடிநீர் கனத்துக் கிடக்கும், இரண்டும் கலக்காது. அதனால் அந்தக் கேடு நமக்குத் தெரியாமலே இருக்கும். பருவம் மாறி மழையும் காற்றும் வந்து மேல்நீர் குளிர்ந்ததும் ஏரி புரண்டு கொடுக்கும். மூச்சுக்கு உதவாத அடிநீர் மேலே வரும். ஏரியில் திரியும் மீன் விலகி ஓடலாம், கூண்டு மீன் எங்கே ஓடும்? 2011 மே மாதக் கடைசியில் தாலில் அப்படித்தான் டன் டன்னாக மீன் செத்து மிதந்தது. எரிமலை ஏரி என்பதால் அடியிலிருந்து கந்தகமும் வரும். அதைக் காட்டி மனிதர் கொட்டியதை மறைப்பது எனக்கு ஒப்பாது.

கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்பு மீன்களின் கதை வேறு. வெளியூர் மீன்கள் உள்ளூர் மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடும், சில குஞ்சுகளையே தின்னும். அளவுக்கு மீறிப் பிடித்ததும், நீர் கெட்டதும், இதுவும் சேர்ந்து 2019இல் தவிலிஸ் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலுக்குப் போனது.

எத்தனை கூண்டு, எவ்வளவு தீவனம் என்பதை ஏரி தாங்கும் அளவை வைத்து முடிவு செய்ய வேண்டும். தாலில் கூண்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். நம் கடற்கரைத் தடைக்காலம்போல, மார்ச், ஏப்ரலில் தவிலிஸ் பிடிக்கவும் தடை உண்டு. கூண்டுகளில் மட்டும் அந்த இரண்டு மாதமும் தீவனம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அன்புடன்,
மாமா