சுழற்றிப் பார்த்தால் தெரியும் சங்கதி

நிலைமத் திருப்புத்திறன் கணக்கைப் பிழையில்லாமல் போடும் பதினோராம் வகுப்பு மாணவர்கூட, பொருளைக் கையில் கொடுத்ததும் தடுமாறுவார். சூத்திரத்துக்கு முன்பே மனத்தில் ஊறிப்போன நம்பிக்கைகள் அப்படி.

நம்பிக்கை: சரிவில் கனமான பொருள்தான் முதலில் வந்து சேரும்.

உண்மை: வழுக்காமல் உருளும்வரை நிறைக்கும் ஆரத்துக்கும் இந்தப் பந்தயத்தில் வேலையே இல்லை. கோலிக்குண்டும் பெரிய இரும்புக்குண்டும் சேர்ந்தே வரும். திண்கோளம் முந்தும், அடுத்து திண்உருளை, கடைசியில் வளையம். வளையத்தின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் கிடைத்த ஆற்றலில் பாதியைச் சுழற்சியே தின்றுவிடுகிறது. திண்உருளையைவிட அதற்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் நேரம் பிடிக்கும். பலகையை அதிகம் சாய்த்துவிடாதீர்கள். வளையம் வழுக்கினால் சோதனை கெட்டுவிடும்.

நம்பிக்கை: உச்சியில் கனம் இருந்தால் கம்பைக் கையில் நிறுத்துவது கஷ்டம்.

உண்மை: தரை துடைக்கும் மாப்பை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். கனமான தலைப்பகுதி மேலே இருக்கும்போதுதான் எளிது. கனம் கையைவிட்டுத் தள்ளிப்போகப் போக, கவிழ்க்கும் திருப்புவிசை தூரத்துக்கு ஏற்பக் கூடும். நிலைமத் திருப்புத்திறனோ தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதனால் மாப் மெதுவாகச் சாயும். கையை நகர்த்திச் சமாளிக்க அவகாசம் கிடைக்கும்.

நம்பிக்கை: சுழல்நாற்காலியில் இரு கைகளையும் விரித்து மணல்பைகளோடு சுற்றுபவர், பைகளை விட்டுவிட்டால் வேகம் கூடும்.

உண்மை: கூடாது. விழும் பைகள் தங்கள் பங்குக் கோண உந்தத்தைக் கையோடு கொண்டுபோய்விடும். ஆள் அதே வேகத்தில் சுற்றுவார். பைகளை மார்போடு இழுத்தால்தான் வேகம் கூடும். நிலைமத் திருப்புத்திறன் பாதியானால் சுழற்சி வேகம் இரட்டிப்பாகும், இயக்க ஆற்றலும் இரட்டிப்பாகும். கூடுதல் ஆற்றல் கைத்தசைகள் செய்த வேலையிலிருந்து வந்தது.

நம்பிக்கை: செய்து காட்டினாலே புரிந்துவிடும்.

உண்மை: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், செய்முறையை வெறுமனே பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்தவர்களே முன்னேறினார்கள். ஆகவே, குண்டை உருட்டும் முன் எல்லோரும் விடையை நோட்டில் எழுதட்டும். இல்லாவிட்டால், உருண்டு முடிந்ததும் வகுப்பே “எனக்கு அப்பவே தெரியும் சார்” என்று சொல்லும்.