எட்டு மணிக்கே படுத்தால் எப்படித் தூக்கம் வரும்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"ராத்திரி பூரா ஒரு பொட்டுத் தூக்கமில்லை." அறுபதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகளில் காலைக் காப்பியோடு கூடவே வரும் வாசகம் இது. உடனே ஆளுக்கொரு யோசனை கிளம்பும். மருமகள் பால் காய்ச்சுவார், பக்கத்து வீட்டுக்காரர் ஜாதிக்காய் சொல்வார், மகன் மருந்துக்கடைக்குப் போவார். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்து, பகலிலும் சோர்வும் எரிச்சலும் தந்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். வயதுவந்த எவருக்கும் முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லாத நடத்தைப் பயிற்சிச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய வல்லுநர்களும் அதையே சொன்னார்கள். நம் ஊரிலோ பெரும்பாலும் மாத்திரையே முதலில் வருகிறது.

"வயசானா தூக்கம் குறையத்தான் செய்யும், நாலு மணி நேரம் போதும்"

பாதி சரி. முதுமையில் ஆழ்ந்த உறக்கம் குறைகிறது, இடையில் விழிப்பது கூடுகிறது, உடலின் கடிகாரமும் முன்கூட்டியே ஓடத் தொடங்குகிறது. ஆனால் தேவை அவ்வளவாகக் குறைவதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தேசிய உறக்க அறக்கட்டளையின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாலு மணி நேரத்தோடு தவிப்பவரிடம் "வயசு அப்படி" என்று சொல்லிவிட்டால் காரணம் தேடும் வேலை நின்றுவிடுகிறது. மாலையில் போடும் நீர் மாத்திரை, பிராஸ்டேட் வீக்கம், கட்டுப்படாத சர்க்கரை, மூட்டுவலி, இரும்புச்சத்துக் குறைவால் வரும் கால் குடைச்சல், மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, வெளியே சொல்லாத மனச்சோர்வு என்று அந்தப் பட்டியல் நீளம். முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

"தூக்கம் வராட்டியும் கண்ணை மூடிப் படுத்திருந்தா உடம்புக்கு ஓய்வுதானே"

தூக்கமின்மையை ஆண்டுக்கணக்கில் வளர்த்துவிடுவது இந்த நம்பிக்கைதான் என்பேன். கேட்க நியாயமாக இருப்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை.

ஒருவர் இரவு எட்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் 9 மணி நேரம், தூங்கியது ஐந்தரை. மீதி மூன்றரை மணி நேரம் புரள்வதிலும், கடிகாரம் பார்ப்பதிலும், பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுவதிலும் போகிறது. இது நாள்தோறும் நடந்தால் கட்டில் என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. கூடத்தில் நாற்காலியில் தூங்கி வழிந்தவருக்குத் தலையணையில் தலை வைத்ததும் கண் விரிந்துகொள்வது இதனால்தான். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் இதற்கு வழி சொன்னார்: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுங்கள்; கால் மணி நேரமாகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள்; மறுபடி சொக்கும்போது திரும்புங்கள்; எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள்.

1987-ல் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் இன்னொன்றைச் சேர்த்தார். தூங்கும் நேரத்துக்கு ஏற்பக் கட்டில் நேரத்தைக் குறைப்பது. மேலே சொன்னவருக்கு ஐந்தரை மணி நேரத் தூக்கம், அதோடு அரை மணி நேரம் கூட்டினால் ஆறு. ஆகவே அவர் படுக்க வேண்டியது இரவு பதினொன்றரைக்கு, எழுவது வழக்கம்போல் ஐந்தரைக்கு. முதியவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். முதல் வாரம் பகலில் தள்ளாட்டமாக இருக்கும். வீட்டில் எல்லோரும் "பெரியவரைத் தூங்க விடாமல் கொடுமை செய்கிறீர்களே" என்பார்கள். ஆனால் விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூக்கத்தின் அழுத்தம் ஏறி, ஓரிரு வாரங்களில் துண்டுதுண்டாக இருந்த உறக்கம் ஒன்றாகச் சேரத் தொடங்கும். படுத்த நேரத்தில் 85 விழுக்காடு தூங்கிவிடும் நிலை வந்ததும் வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டலாம்.

முதலில் சொன்ன நடத்தைப் பயிற்சியின் மையம் இந்த இரண்டு வழிகளும்தான். இது ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் சராசரி 72 வயதுள்ள 79 பேரிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு நேர்ச் சந்திப்பு, இரண்டு தொலைபேசி அழைப்பு, மொத்தம் நாலு வாரம். முடிவில் பயிற்சி பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மையே இல்லை. வெறும் கையேடு பெற்றவர்களில் அது 13 விழுக்காடு. 2011-ல் வெளியான ஆய்வு இது.

சில எச்சரிக்கைகள். வலிப்பு, இருமுனைக் கோளாறு, மூச்சுத்தடைக் குறட்டை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கட்டில் நேரத்தைக் குறைக்கக் கூடாது. அந்த வாரங்களில் வண்டி ஓட்ட வேண்டாம். நடை தள்ளாடுபவர்கள் நடுராத்திரி எழுந்து நடமாட வேண்டியதில்லை. கட்டிலருகே ஒரு நாற்காலியும் மங்கலான விளக்கும் போதும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகளுக்கும் அதுவே வழி.

"ராத்திரி விட்டதைப் பகல்ல பிடிச்சுக்கலாம்"

சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன், சரி. பெரிய சேதம் அதனால் வருவதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு சீரியல் ஓட ஓட ஈஸிசேரில் சாய்ந்து போடும் தூக்கம்தான் இரவுத் தூக்கத்தின் முதலைக் கரைக்கிறது. அதை யாரும் தூக்கக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஏழு மணிக்குக் கண் சொக்கி, இரண்டரைக்கே விழிப்பவர்கள் ஐந்து மணி வெயிலில் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ நடந்துவிட்டு வரலாம். மாலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும்.

"சூடா பால் குடிச்சா, வெந்நீர்ல குளிச்சா தூக்கம் வரும்"

பாலில் தூக்கத்தைக் கொண்டுவரும் அளவுக்குச் சரக்கு இல்லை. படுக்கும்போது குடித்தால் இரண்டு மணிக்குச் சிறுநீர்தான் வரும். வெந்நீருக்குச் சான்று உண்டு. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 டிகிரிக்குச் சற்று மேலான நீரில் பத்து நிமிடம் குளித்தாலோ காலை நனைத்தாலோ தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் கண்டார்கள். தோல் வழியே வெப்பம் வெளியேறி உள்ளுடல் குளிர்வதுதான் காரணம். சர்க்கரையால் கால் மரத்தவர்கள், வேறு யாராவது கைவைத்துப் பார்த்த பிறகே காலை விட வேண்டும். பிராந்தி தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும். நாலரை மணிக் காப்பியின் காஃபினில் பாதியளவு ஒன்பதரைக்கும் ரத்தத்தில் இருக்கக்கூடும்.

"பாதி மாத்திரைதானே, அதுல என்ன?"

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுத்த பியர்ஸ் பட்டியல் 1991-ல் வந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது. அல்பிரசோலம், டயசெபாம் வகையும் ஸோல்பிடெமும் அதில் உள்ளன. காரணங்கள்: விழுதல், இடுப்பெலும்பு முறிவு, குழப்பம். தூக்கத்துக்கென்று போடும் அலர்ஜி மாத்திரையும் சாது இல்லை. மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் எல்லாம் தரும். 1999-ல் வந்த ஓர் ஆய்வில் முதியவர்களை நான்காகப் பிரித்து மாத்திரை, பயிற்சி, இரண்டும், வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையும் வேலை செய்தது. ஆனால் இரண்டு ஆண்டு கழித்தும் பலன் நிலைத்தது பயிற்சி பெற்றவர்களிடம்தான்.

"இந்த வயசுல பயிற்சியெல்லாம் நமக்கு ஒத்துவராது"

60 தாண்டிய 291 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. இரண்டு மாதம் பயிற்சி பெற்றவர்களில், அடுத்த மூன்று ஆண்டுகளில் மனச்சோர்வு நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு. பொதுவான உறக்க ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 26. ஹாங்காங்கில் 320 முதியவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில் தாய்ச்சி என்ற சீன மென்பயிற்சியும் வேகநடையோடு கூடிய உடற்பயிற்சியும் ஒன்றுபோலவே தூக்கத்தை மேம்படுத்தின.

ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென விட்டால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். அவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள்: படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், காப்பி, எல்லா மாத்திரைகளும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் முதியோர் நலப் பிரிவு உண்டா என்று கேளுங்கள்.